எடுத்த ஊழியத்தை முடிப்பது எப்படி: கட்டளை கேட்பது முதல் ஒப்படைப்பது வரை

பார்வை மங்கிப்போன ஒரு பாட்டிக்குப் புதிய ஏற்பாடு முழுவதையும் வாசித்துக் காட்டுவதாக ஒருமுறை ஒப்புக்கொண்டேன். ஜூன் நடுவில் தொடங்கினேன். மத்தேயு முதல் அப்போஸ்தலர் வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. ரோமர் எட்டாம் அதிகாரத்தோடு நின்றுபோனேன். அது நவம்பர், கிறிஸ்துமஸ் பாட்டுகளோடு வீடு வீடாகப் போகும் கீத பவனிக்குப் பயிற்சி ஆரம்பித்திருந்தது. “கிறிஸ்துமஸ் முடியட்டும் பாட்டி” என்றேன். கிறிஸ்துமஸ் முடிந்தது, ஈஸ்டரும் முடிந்தது, மறு ஜூனில்தான் அந்தத் திண்ணையில் திரும்ப உட்கார்ந்தேன். பாட்டி கோபிக்கவில்லை. தலைமாட்டிலிருந்து வேதாகமத்தை எடுத்து நீட்டினார். நான் அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட் அதே பக்கத்தில் இருந்தது. “ரோமர் ஒன்பது, தம்பி” என்றார்.

பிற்பாடு எங்கள் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஊழியங்களைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. ஓய்வுநாள் பள்ளி, மருத்துவமனைச் சந்திப்பு, பழைய பதிவேடுகளைப் படியெடுப்பது என்று பலருக்கு வேலை கொடுத்தேன். ஓடி வந்து தொடங்கியவர்களில் பாதிப்பேர் பாதியில் காணாமல் போனார்கள். அவர்களில் சோம்பேறிகள் ஓரிருவர்தான். மற்றவர்கள் படிகளை முன்பின்னாக மாற்றிப் போட்டவர்கள். முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்தார்கள். எல்லை வைக்காமல் ஓடிவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் விழுந்தார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அதற்கான விலையை நடுவில் கொடுக்க நேரிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாற்பது பக்க நோட்டு ஒன்று. கைபேசியில் எழுதாதீர்கள், அதில் எழுதியது கண்ணில் படாது.

அதன் முதல் பக்கத்தில், ஏற்கெனவே நீங்கள் ஒப்புக்கொண்டு பாதியில் கிடக்கிற வேலைகளை எழுதுங்கள். திருப்பித் தராத கடன், செலுத்தாத பொருத்தனை, “அடுத்த வாரம் வருகிறேன்” என்று சொல்லிப் போகாத வீடு, பேசாமல் விட்ட அண்ணன், எல்லாம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வரச் சொல்கிறது மத்தேயு 5. பழைய கட்டளையிலிருந்து தப்பிப்பதற்கே பலரும் புதிய கட்டளையைத் தேடுகிறோம். பட்டியல் நீளமாக இருந்தால் உங்களுடைய அடுத்த ஊழியம் அந்தப் பட்டியல்தான்.

வீட்டாரின் சம்மதமும் வேண்டும். மாலை ஆறு மணிக்கு நீங்கள் வெளியே போனால் அந்த நேரத்து வேலை வேறொருவர் தலையில் விழுகிறது. அவரைக் கேட்காமல் எடுத்த ஊழியத்தில் பாதிச் சுமையை அவர்தான் சுமப்பார், அதுவும் முணுமுணுத்துக்கொண்டே.

2. கேட்டது கட்டளையா, ஆசையா என்று பார்ப்பது

ஆலயம் கட்ட வேண்டும் என்று தாவீது சொன்னபோது நாத்தான் தீர்க்கதரிசி உடனே சரி என்றார்: போய்ச் செய்யும், கர்த்தர் உம்மோடே இருக்கிறார். அன்று இரவே கர்த்தருடைய வார்த்தை வேறுவிதமாக வந்தது: கட்டுவது தாவீது இல்லை, அவருடைய குமாரன். ஆசை நல்லது, கேட்டவர் தேவமனுஷன், ஆலோசனை சொன்னவர் தீர்க்கதரிசி. அப்படியிருந்தும் அது தாவீதுக்குக் கொடுக்கப்பட்ட வேலை இல்லை. பொன்னையும் வெள்ளியையும் மரத்தையும் சேர்த்து வைப்பதே அவர் பங்காக இருந்தது. அதை அவர் குறைவில்லாமல் செய்தார்.

எனவே குறைந்தது ஓர் இரவு பொறுங்கள். நான் புதியவர்களிடம் இரண்டு வாரம் கேட்பேன். எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடக்கிற செய்தி, பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரராயிருந்த நெகேமியாவுக்குக் கிஸ்லேயு மாதத்தில் வந்தது. ராஜாவிடம் அவர் வாய் திறந்தது நிசான் மாதத்தில். ஏறக்குறைய நான்கு மாதம் உபவாசமும் ஜெபமுமாக இருந்தார். உணர்ச்சியில் பிறந்த ஆசை இரண்டு வாரத்தில் ஆறிவிடும். கட்டளையானால் ஆறாமல் கனத்துக்கொண்டே போகும்.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: இதைச் செய்வதால் வேதத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிற வேறொன்றை மீறுகிறேனா? தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’ என்று காணிக்கையாக்கிவிட்டு நழுவியவர்களை இயேசு கடிந்துகொண்டார். படுக்கையில் கிடந்த தாயைத் தங்கை தலையில் கட்டிவிட்டுக் கிராம ஊழியத்துக்குப் புறப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். கிராமத்தில் அவருக்கு நல்ல பெயர்தான். தங்கையிடம் கேட்டால் வேறு கதை வரும்.

இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை உத்தரவாக எடுப்பது ஒன்று. புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை வேலை ஆணையாக வாசிப்பது இன்னொன்று. அட்டையில் இருப்பது வாக்குத்தத்தம். யார், எங்கே, என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

3. வேலையை ஒரே வரியில் எழுதி எல்லை போடுவது

இந்தப் படியில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். நான் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“எங்கள் தெருப் பிள்ளைகளைக் கிறிஸ்துவுக்குள் வழிநடத்துவேன்” என்று ஒரு தம்பி எழுதிக்கொண்டு வந்தார். நல்ல வாக்கியம். ஆனால் இது என்றைக்கு முடியும்? முடிந்ததென்று எப்படித் தெரியும்? மூன்று மாதத்தில் அவர் நின்றுவிட்டார். நின்றது அவருக்கே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. முடிவு குறிக்காத வேலையை யாரும் துணிந்து கைவிடுவதில்லை, அது மெல்ல நழுவிப் போகிறது. அந்த வரியை இப்படித் திருத்தினோம்: “ஜூன் முதல் மார்ச் வரை, சனிக்கிழமை மாலை, எங்கள் வீட்டு மொட்டைமாடியில், வருகிற பிள்ளைகளுக்கு மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களைச் சொல்லிக் கொடுப்பேன்.” இதில் நாள், இடம், அளவு, முடிவு நான்கும் இருக்கின்றன.

இப்படி எல்லை போடுவது விசுவாசக் குறைவு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். யோவான் 17-ல் இயேசு பிதாவிடம், “நான் செய்யும்படி நீர் எனக்கு நியமித்த கிரியையைச் செய்துமுடித்தேன்” என்கிறார். அந்த இரவில் யூதேயாவில் நோயாளிகளே இல்லையா? கலிலேயாவில் பிசாசு பிடித்தவர்கள் எல்லாரும் விடுதலையாகிவிட்டார்களா? இல்லை. கப்பர்நகூமில் எல்லாரும் தம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் சொன்னபோதே, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று புறப்பட்டவர் அவர். அவர் முடித்தது தமக்கு நியமிக்கப்பட்ட வேலையை. கண்ணில் பட்ட எல்லா வேலையும் அதில் சேர்த்தி இல்லை.

இன்னொன்று: பலனை வரிக்குள் கொண்டுவராதீர்கள். “பத்துப் பேரை இரட்சிப்புக்குள் நடத்துவேன்” என்று எழுதினால் தேவனுடைய பங்கை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். பவுல் நட்டார், அப்பொல்லோ நீர் பாய்ச்சினார், விளையச் செய்தவர் தேவன். “பத்து வீடுகளுக்கு மாதம் ஒருமுறை போவேன்” என்பது உங்கள் கையில் இருக்கிறது. அந்த அளவில் எழுதுங்கள். இல்லாவிட்டால், போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டும் ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று மனமுடைந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

முடிவே இல்லாத வேலைகளும் உண்டு. நோயுற்ற கணவரைப் பார்த்துக்கொள்வது, பிள்ளை வளர்ப்பது, மன்றாட்டு ஜெபம். இவற்றுக்கு முடிவுநாள் குறிக்க முடியாது. தவணை வைக்கலாம். ஓராண்டுக்கு ஒருமுறை நோட்டைத் திறந்து, எது நடந்தது, எதை மாற்ற வேண்டும் என்று எழுதி மறு தவணை தொடங்குங்கள். பாரம் குறையாது. ஆனால் சுமையை இறக்கி வைத்துத் தூக்கச் சுமைதாங்கிக் கல் மாதிரி ஓர் இடம் கிடைக்கும்.

4. கணக்குப் போடுவது

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று லூக்கா 14-ல் இயேசு கேட்கிறார். ‘உட்கார்ந்து’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நடந்துகொண்டே போடும் கணக்கு தப்பும்.

என் வாசிப்பு வேலையின் கணக்கைச் சொல்கிறேன். புதிய ஏற்பாட்டில் 27 புத்தகங்கள், 260 அதிகாரங்கள். செவ்வாய், வியாழன், சனி, நாளுக்கு இரண்டு அதிகாரம் என்றால் வாரத்துக்கு ஆறு. 260-ஐ ஆறால் வகுத்தால் 44 வாரம். பாட்டி மகள் வீட்டுக்குப் போகும் வாரங்கள், காய்ச்சல், அசனப் பண்டிகை என்னும் சபை விருந்து, கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்குமாக எட்டு வாரம் சேர்த்தால் 52. ஆக ஓராண்டு. இந்தக் கணக்கை நான் முதல்முறை போடவில்லை. போட்டிருந்தால், ஜூனில் தொடங்குகிற வேலை டிசம்பரைத் தாண்டித்தான் தீரும் என்று ஜூனிலேயே தெரிந்திருக்கும். கீத பவனிக்குப் பெயர் கொடுத்திருக்க மாட்டேன்.

புதியவர்கள் தங்களுடைய மிக நல்ல வாரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். மிக மோசமான வாரத்தை வைத்துப் போடுங்கள்: பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஊரில் இரண்டு கல்யாணம், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. அந்த வாரத்திலும் எவ்வளவு செய்ய முடியுமோ அதுதான் உங்கள் உண்மையான அளவு.

நெகேமியாவின் முன்னேற்பாட்டைக் கவனியுங்கள். எப்போது திரும்பி வருவாய் என்று ராஜா கேட்டபோது அவர் காலம் குறித்துச் சொன்னார். வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் வாங்கினார். வாசல்களுக்கு மரம் வேண்டும் என்று வனக்காவலனுக்குத் தனிக் கடிதம் வாங்கினார். எருசலேமில் இறங்கி மூன்று நாள் கழித்து, இராத்திரியில் சிலரோடு மட்டும் போய் இடிந்த சுவரைச் சுற்றிப் பார்த்தார். ஜெபித்த மனிதர்தான் அளந்தும் பார்த்தார். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிக்கொண்டு மரத்துக்கு வழி பண்ணாமல் போகவில்லை.

பணம் சம்பந்தப்பட்ட வேலையானால் முதல் ரூபாய் வருவதற்கு முன்பே ரசீதுப் புத்தகமும், கணக்குப் பார்க்க இரண்டாவது ஆளும் தயாராக இருக்கட்டும். பிறகு ஏற்பாடு செய்தால் உங்கள் மேல் சந்தேகம் வந்ததால் செய்ததாக ஊர் நினைக்கும்.

5. யாரிடம், எப்போது சொல்வது

கணக்கு முடிந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். சுவரைப் பார்த்து முடிக்கும்வரை தன் மனதில் தேவன் வைத்ததை ஒருவருக்கும் நெகேமியா அறிவிக்கவில்லை.

மூன்று பேர் போதும். வீட்டார், உங்கள் சபையின் ஐயர் அல்லது போதகர், உங்களைக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர். மூன்றாமவரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பாராட்டுகிறவர் வேண்டாம். “இந்த வாரம் எத்தனை அதிகாரம்?” என்று முகத்துக்கு நேரே கேட்கிறவர் வேண்டும். அர்க்கிப்பு என்பவருக்குப் பவுல் சபையின் மூலமாகவே சொல்லி அனுப்பினார்: “நீ கர்த்தரிடத்தில் பெற்ற ஊழியத்தை நிறைவேற்றும்படி கவனமாயிருப்பாயாக.” கொலோசெயருக்கு எழுதிய நிருபம் சபையில் சத்தமாக வாசிக்கப்பட்டிருக்கும். அர்க்கிப்பு எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாரோ, பாவம்.

சாட்சி நேரத்தில் எழுந்து அறிவிப்பதைத் தவிருங்கள். வேலை செய்யும் முன்பே ‘ஸ்தோத்திரம்’ கிடைத்துவிட்டால், வேலை முடிந்த நிறைவில் பாதி அப்போதே கரைந்துவிடும். திராட்சத்தோட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்ன மகன் போகவில்லை. மாட்டேன் என்றவன் பிறகு மனஸ்தாபப்பட்டுப் போனான்.

6. முதல் இரண்டு வாரம்

ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம். எழுதிய அளவைவிட ஒரு துளிகூட அதிகம் செய்யாதீர்கள். உற்சாகத்தில் ஐந்து அதிகாரம் வாசித்தால், அடுத்த வாரம் இரண்டு வாசிக்கும்போது குறைந்துவிட்டதாகத் தோன்றும். உங்களுக்கும் தோன்றும், கேட்கிறவருக்கும் தோன்றும்.

ஒவ்வொரு நாளும் நோட்டில் தேதியும் அளவும் எழுதுங்கள். அனுபவம், உணர்வு எல்லாம் எழுத வேண்டாம். அதற்கு நேரம் பிடிக்கும், மூன்றாம் வாரம் அதையே காரணமாக்கி நோட்டை மூடிவிடுவீர்கள்.

7. நடுப்பகுதி: மண்மேடு கண்ணில் படும் காலம்

நான் நின்ற இடத்தைப் பிறகு எண்ணிப் பார்த்தேன். நான்கு சுவிசேஷங்கள் 89 அதிகாரம், அப்போஸ்தலர் 28, ரோமரில் எட்டு. மொத்தம் 125. 260-இல் பாதி 130. ஏறக்குறைய நடு.

நெகேமியா நான்காம் அதிகாரத்தில் அலங்கம் பாதி உயரம் எழும்பிய சேதி வருகிறது. ஜனங்கள் ஆவலாய் வேலை செய்தார்கள் என்கிறது. நான்கு வசனம் தள்ளி அதே யூதா மனிதர் சொல்கிறார்கள்: சுமைகாரரின் பெலன் குறைந்துபோனது, மண்மேடு மிச்சமாயிருக்கிறது, எங்களால் கட்ட முடியாது. மண்மேடு முதல் நாளும் அங்கேதான் கிடந்தது. அப்போது அதைப் பார்க்கத் தோன்றவில்லை. தொடக்கத்தின் புதுமை தீர்ந்து, முடிவும் கண்ணுக்குத் தெரியாத நடுவில்தான் குப்பை பெரிதாகத் தெரியும். ஆகவே சோர்வு வந்தால் ‘தேவசித்தம் மாறிவிட்டதோ’ என்று உடனே யோசிக்காதீர்கள். முதலில் எத்தனையாவது வாரம் என்று நோட்டைப் பாருங்கள்.

நடுப்பகுதிக்கு நான் வைத்திருக்கும் விதி: அளவைக் குறைக்கலாம், நாளைக் குறைக்கக் கூடாது. முடியாத செவ்வாய்க்கிழமை இரண்டுக்குப் பதில் ஒன்று வாசியுங்கள், ஆனால் போங்கள். ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த நாள் போவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு வாரம் போகாவிட்டால் வெட்கம் வந்துவிடும். என்னை ஏழு மாதம் தடுத்தது கீத பவனி இல்லை. அது டிசம்பரோடு முடிந்துவிட்டது. மற்ற மாதங்களில் என்னைத் தடுத்தது அந்தத் தெருவழியாகப் போகவே கூச்சப்பட்டுச் சுற்றுவழியில் சைக்கிள் விட்ட வெட்கம்.

மனமில்லாத நாளில் ஜெபிக்கப் புதிய வார்த்தைகள் தேட வேண்டாம். கெத்செமனேயில் மூன்றாம்முறை ஜெபித்தபோது இயேசு அதே வார்த்தைகளைத்தான் சொன்னார் என்று மத்தேயு எழுதுகிறார். “எனக்கு மனமில்லை, உம்முடைய சித்தம்” என்பதே போதும். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுங்கள்.

ஆள் துணையும் கேளுங்கள். போர் நடக்கையில் ஜெபத்தில் உயர்த்தியிருந்த மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் முதலில் செய்தது அவர் உட்காரக் கல்லை நகர்த்தியது. பிறகுதான் கைகளைத் தாங்கினார்கள். மோசேயே நின்றுகொண்டு கடைசிவரை தனியாகத் தூக்கியிருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. நீங்கள் ஊரில் இல்லாத சனிக்கிழமை வாசிக்க ஒருவரை முன்கூட்டியே பழக்கி வையுங்கள். ‘என் ஊழியம்’ என்று கட்டிப்பிடித்துக்கொள்பவர்களிடம்தான் வேலை அடிக்கடி நின்றுபோகிறது.

நிஜமாகவே நிறுத்த வேண்டி வருவதும் உண்டு. பவுலுக்கு ஆசியாவில் வசனம் சொல்லத் தடை வந்தது, பித்தினியாவுக்குப் போகவும் அனுமதி கிடைக்கவில்லை. அப்படியானால் ஐந்தாம் படியில் சொன்ன மூன்றாமவரிடம் போய்க் காரணத்தைச் சொல்லி, உங்களை எதிர்பார்த்திருப்பவரிடமும் நேரில் சொல்லி நிறுத்துங்கள். சொல்லிவிட்டு நிறுத்தினால் அதுவும் கீழ்ப்படிதலாக இருக்கலாம். சொல்லாமல் மறைந்தால் எந்த வசனமும் துணைக்கு வராது.

8. ஓனோவிலிருந்து வரும் அழைப்புகள்

அலங்கம் கட்டுவதை எதிர்த்த சன்பல்லாத்தும் கேஷேமும் நெகேமியாவை ஓனோ பள்ளத்தாக்கிலுள்ள கிராமம் ஒன்றில் சந்திக்கலாம் என்று கூப்பிட்டார்கள். நான்கு முறை ஆள் அனுப்பினார்கள். நான்கு முறையும் அவர் ஒரே பதில் சொன்னார். “நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது.” வேலை ‘மினக்கெட்டுப்போவானேன்’ என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும். இன்று ‘மெனக்கெட்டு வந்தேன்’ என்றால் சிரமப்பட்டு வந்தேன் என்று பொருள். அந்த வசனத்தில் அது வேலை கெட்டுப்போவதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே சொல்தான். மெனக்கெட்டு எங்கேயோ போகிறவனுடைய சொந்த வேலை மினக்கெடுகிறது.

ஒரே பதில் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக யோசித்தால் நான்காவது அழைப்பில் விழுவோம். உங்களுக்கான ஒரு வாக்கியத்தை முன்பே தயார் செய்யுங்கள்: “செவ்வாய், வியாழன், சனி மாலை எனக்கு ஒரு வேலை இருக்கிறது, ஏழரைக்கு மேல் வருகிறேன்.” விளக்கம் வேண்டாம். விளக்கம் சொன்னால் அதற்குப் பதில் விளக்கம் வரும்.

கெட்ட அழைப்புகளை மறுப்பது எளிது. சபையின் நல்ல அழைப்புகள்தான் வேலையைக் கெடுக்கின்றன. வாலிபர் முகாம், கன்வென்ஷன் வரவேற்புக் குழு, கமிட்டித் தேர்தல். இரண்டாம் ஆண்டும் நவம்பரில் கீத பவனிப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள்; அதே மாலை நேரம். அப்போது எபிரெயரைத் தாண்டி யாக்கோபுக்கு வந்திருந்தோம். “இந்த வருடம் டிரம் அடிக்க வேறு ஆள் பாருங்கள்” என்றேன். வேறு ஆள் கிடைத்தார். என்னைவிட நன்றாகவே அடித்தார் என்றும் கேள்விப்பட்டேன்.

சாவு, நோய், பசி இவை ஓனோ இல்லை. குற்றுயிராய்க் கிடந்தவனை விலகிப் போன ஆசாரியனுக்கும் லேவியனுக்கும்கூட ஏதோ வேலை இருந்திருக்கும். அப்படிப்பட்ட நாளில் வேலையை விட்டுவிட்டுப் போங்கள். மறுநாள் திரும்பிவிடுங்கள்.

9. பாதியில் நின்றுபோயிருந்தால்

இந்தப் பகுதிக்கு நேராக வந்தவர்கள் பலர் இருப்பீர்கள்.

பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் எருசலேம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டுவிட்டு ஏறத்தாழ 16 ஆண்டு அப்படியே விட்டிருந்தார்கள். காலம் இன்னும் வரவில்லை என்றார்கள். அதற்குள் தங்களுக்கு மச்சுப்பாவிய வீடுகள் கட்டிக்கொண்டார்கள். தரியு அரசனின் இரண்டாம் ஆண்டு ஆறாம் மாதம் முதல் தேதி ஆகாய் தீர்க்கதரிசி வந்து சொன்னது மிக எளிய வேலை: மலைக்குப் போய் மரம் வெட்டிக் கொண்டுவாருங்கள். அதே மாதம் 24-ஆம் தேதி வேலை தொடங்கிவிட்டது. அரசனின் ஆறாம் ஆண்டில் ஆலயம் முடிந்தது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். 16 ஆண்டுக்கான விளக்கக் கடிதம் எழுதாதீர்கள். மன்னிப்பை ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டு, கையால் செய்யக்கூடிய அடுத்த சிறு வேலையைச் செய்யுங்கள். விட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். ‘இந்த முறை மத்தேயுவிலிருந்து ஒழுங்காக வாசிப்போம்’ என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பாட்டி விடவில்லை. முதலிலிருந்து தொடங்குவது மனச்சாட்சிக்கு இதமாக இருக்கும், ஆனால் நடுப்பகுதி திரும்ப அதே இடத்தில் காத்திருக்கும்.

பவுலைப் பம்பிலியாவில் விட்டுவிட்டுத் திரும்பிய மாற்குவைப் பின்னொரு நாள் அதே பவுல், ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அழைத்துக்கொண்டு வா என்று எழுதினார். கதவு மூடவில்லை.

10. கடைசிப் பத்தில் ஒரு பங்கு

சவுல் அமலேக்கியரோடு போரிட்டுவிட்டு வந்து, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று சாமுவேலிடம் சொன்னார். சாமுவேல் கேட்டது: அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன? பெரும்பகுதி நடந்திருந்தது. மீதியைப் பலியிட வைத்திருந்ததாக விளக்கமும் தயாராக இருந்தது. அதற்குத்தான், “பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும்” உத்தமம் என்ற பதில் வந்தது.

எங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற ஓர் இளைஞர் முன்வந்தார். சுத்தமான வேலை. செல்லரித்த நான்கு பக்கங்களை மட்டும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டுவிட்டார். முடிந்துவிட்டதாகக் கமிட்டியில் தீர்மானமும் போட்டார்கள். அடுத்த மாதம் பாஸ்போர்ட்டுக்காகச் சான்று கேட்டு ஒரு பெரியவர் வந்தார். அவருடைய பெயர் அந்த நான்கு பக்கத்தில் இருந்தது.

வேலை முடிந்ததாகத் தோன்றும் நாளில், மூன்றாம் படியில் எழுதிய வரியை எடுத்து வாசியுங்கள். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பாருங்கள். எங்கே ஆட்டுச் சத்தம் கேட்கிறதோ அதை எழுதி, தேதி போட்டு முடியுங்கள். கடினமானதையும் அசுவாரசியமானதையும் நாம் கடைசிக்குத் தள்ளியிருப்போம். அதனால்தான் கடைசிப் பங்குக்கு எப்போதும் நினைத்ததைவிட அதிக நேரம் பிடிக்கிறது. கணக்கில் அதற்கும் இடம் விடுங்கள்.

11. ஒப்படைப்பது

அலங்கம் 52 நாளில், எலூல் மாதம் 25-ஆம் தேதி முடிந்தது. நெகேமியா அதோடு கைகழுவவில்லை. கதவுகளைப் போட்டு, வாசல் காவலாளரை ஏற்படுத்தி, எருசலேமை ஆனானி, அனனியா என்ற இருவரிடம் ஒப்புவித்து, வாசல் எந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்பது வரை சொன்னார். சாவி எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது போன்ற விவரங்கள் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. நோட்டைக் கொடுத்துவிடுங்கள். மிச்சப் பணத்தை ரசீதோடு கட்டிவிடுங்கள்.

சில வேலைகளில் உங்கள் பங்கு மட்டுமே முடியும். தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்து அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தபோது 1719-இல் மரித்தார். மிச்சத்தை அவருக்குப் பின் வந்த மிஷனெரி ஷுல்ட்சே தொடர்ந்து முடித்தார். கையெழுத்துப் படிகள் ஒழுங்காக இருந்ததால்தானே அடுத்தவர் ரூத்துக்கு அப்பால் தொடங்க முடிந்தது? நாளைக்கே வேறொருவர் எடுத்துச் செய்யும்படி ஒவ்வொரு நாளும் வேலையை நிறுத்தி வையுங்கள்.

பொன்னாடை போர்த்த வருவார்கள். முடிந்தால் நழுவிவிடுங்கள். அடுத்த வேலையை உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். முடித்த மகிழ்ச்சியில் எடுக்கும் முடிவுக்கும் இரண்டாம் படியின் இரண்டு வாரம் பொருந்தும்.

டிசம்பர் முதல் வாரம் வெளிப்படுத்தல் 22 முடிந்தது. பாட்டி “ஆமென்” என்று சொல்லிவிட்டு, மூச்சுவிடாமல், “ஆதியாகமம் எப்போது தம்பி?” என்று கேட்டார். பழைய ஏற்பாடு 929 அதிகாரம். வாரம் ஆறு என்றால் மூன்று ஆண்டு. இரண்டு வாரம் தவணை கேட்டுவிட்டு வந்தேன். கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. திருவிருந்தில் சேர ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த, அதே தெருப் பெண் ஒருத்தி சனிக்கிழமை தோறும் வருவதாகச் சொன்னாள். நோட்டை அவளிடம் கொடுத்தேன். பாட்டிக்கு வலது காதுதான் நன்றாகக் கேட்கும் என்பதையும் சொன்னேன். பஸ் டிக்கெட்டைப் பாட்டி தரவில்லை. அது ஆதியாகமத்துக்கு வேண்டும் என்றார்.